கர்துங் லாவுக்குச் சைக்கிளில்: சரிவு ஒரு கணக்கு, உயரம் இன்னொரு கணக்கு

லடாக்கின் லே நகரிலிருந்து கர்துங் லா கணவாய்க்கு 39 கிலோமீட்டர். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய் 5,359 மீட்டரில். உச்சியில் நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி என்று சொன்னது. ஜிபிஎஸ் வைத்து அளந்தவர்கள் அதைவிடச் சுமார் 800 அடி குறைத்தே சொல்கிறார்கள். ஜிபிஎஸ் கணக்குப்படி பார்த்தால் 39 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,850 மீட்டர் ஏற வேண்டும். சராசரிச் சரிவு ஐந்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தச் சரிவு ஒரு பொருட்டாகவே தோன்றாது.

ஆனால் கல்லட்டியில் கால் ஊன்றாமல் ஏறியவர்கள்கூட கர்துங் லாவின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது உண்டு. அவர்கள் காலில் வலு இல்லாமல் போய்விடவில்லை. மலைச்சாலையில் நம்மை எதிர்ப்பவை இரண்டு: ஒன்று சரிவு, மற்றொன்று உயரம். மலையேற்றம் கடினம் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டும் கலந்துவிடுகின்றன. சரிவைச் சரியான கியரும் கொஞ்சம் பயிற்சியும் வைத்துச் சமாளித்துவிடலாம். உயரத்துக்கு அந்த மருந்து வேலை செய்யாது. அதற்கு நாட்களைத்தான் கொடுக்க வேண்டும். முதல் முறை உயர்ந்த மலைக்குச் சைக்கிளோடு கிளம்புகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதிக்கு மேல் இதுதான்.

முதலில் சரிவு

பத்து சதவீதச் சரிவு என்றால், நூறு மீட்டர் முன்னே போகும்போது பத்து மீட்டர் மேலே ஏறுகிறோம் என்று பொருள். கோணமாகச் சொன்னால் ஆறு டிகிரிகூட இல்லை. கேட்க அற்பமாக இருக்கும். மிதிக்கும் காலுக்குத்தான் அதன் கனம் தெரியும். சமவெளியில் சைக்கிள் ஓட்டும்போது நம் உழைப்பில் பெரும்பகுதியை எதிர்க்காற்று தின்கிறது. ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று ஒதுங்கிக்கொள்கிறது. அங்கே கிட்டத்தட்ட எல்லா உழைப்பும் எடையை மேலே தூக்குவதற்கே போகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்த்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதை ஒரு மீட்டர் உயர்த்த 784 ஜூல் சக்தி வேண்டும். நீங்கள் பெடலில் தொடர்ந்து 100 வாட் கொடுக்கிறீர்கள் என்றால், அதாவது நொடிக்கு 100 ஜூல் என்றால், ஒரு மீட்டர் ஏற எட்டு நொடி ஆகும். ஒரு மணி நேரத்தில் 450 மீட்டர். டயர் உரசலிலும் செயினிலும் போவதைக் கழித்தால் சுமார் 400 மீட்டர் மிஞ்சும். ஓரளவு பழகிய, போட்டிக்கெல்லாம் போகாத ஒருவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்துக் கொடுக்கக்கூடிய திறன் இந்த 100 வாட் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த 400 மீட்டர், சரிவு எவ்வளவு என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஐந்து சதவீதச் சரிவில் அதே 400 மீட்டர் ஏற எட்டு கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். பத்து சதவீதத்தில் நான்கு கிலோமீட்டர். சரிவு இரட்டிப்பானால் வேகம் பாதியாகிறது. ஒரு மணி நேரத்தில் ஏறும் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. எனவே மலைச்சாலையில் 'இன்னும் எத்தனை கிலோமீட்டர்' என்று கேட்பதைவிட 'இன்னும் எத்தனை மீட்டர் ஏறணும்' என்று கேட்பதே உபயோகமான கேள்வி. பாதி வழி என்றால் பாதி தூரம் இல்லை, பாதி உயரம்.

அப்படியென்றால் செங்குத்தான பாதையில் மெதுவாகப் போனால் போதுமே, ஏன் திணறுகிறோம்? மெதுவாகப் போகச் சைக்கிள் இடம்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கியர்.

முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள கியரில் கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டு, ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். பத்து சதவீதச் சரிவில் 100 வாட்டுக்கு நமக்குக் கிடைப்பது மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று பார்த்தோம். அந்த வேகத்தில் இந்தக் கியரில் நிமிடத்துக்கு 26 சுற்றுதான் மிதிக்க முடியும். இப்போது மலைச் சைக்கிள்களில் வரும் 22 பல் முன் பற்சக்கரத்தையும் 36 பல் பின் பற்சக்கரத்தையும் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 52 சுற்று வரும். இரண்டிலும் வேகம் ஒன்று, செலவாகும் வாட் ஒன்று. ஆனால் முதலில் சொன்ன கியரில் பெடலை அழுத்தும் விசை இரண்டு மடங்கு. 17 சென்டிமீட்டர் கிராங்குக்குக் கணக்கிட்டால், பெடலின் மேல் சராசரியாக 22 கிலோவுக்குச் சமமான அழுத்தம் ஒன்றில், 11 கிலோ மற்றதில். ஒரு மணி நேரம் 22 கிலோவை மிதித்துப் பாருங்கள், முழங்கால் பேசும். நுரையீரலில் மிச்சமிருந்தும் தொடை கைவிட்டுவிடும்.

கடையில் சைக்கிள் வாங்கும்போது எத்தனை கியர் என்று கேட்பது நம் வழக்கம். மலைக்கு அந்த எண்ணிக்கை முக்கியமே இல்லை. இருக்கிற கியர்களில் மிக எளிதானது எவ்வளவு எளிது என்பதே முக்கியம். முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்தின் பல்லைவிடப் பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்தின் பல் அதிகமாக இருக்கட்டும். மூட்டையோடு போவதாக இருந்தால் நன்றாகவே அதிகமாக இருக்கட்டும். பின் பற்சக்கரத் தொகுதியை மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரியதில்லை. அது கொடுக்கும் நிம்மதி பெரியது. மாற்றும்போது பின்கியர் கை அந்தப் பெரிய பல்லைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கியருக்கும் ஒரு எல்லை உண்டு. மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குக் கீழே போனால் சைக்கிள் நேராக நிற்காது. ஹேண்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கும். அந்த வேகத்தில் இறங்கித் தள்ளுவதில் எந்தக் குறையும் இல்லை. மிதிப்பதற்கு ஆகும் சக்தியை வீணாகச் சமநிலைக்குச் செலவழிப்பதைவிட அது நல்லது.

கொண்டை ஊசி வளைவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தை ஏறுகின்றன. ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. எனவே உள்ளே சரிவு கடுமையாகவும் வெளியே தணிவாகவும் இருக்கும். நாம் சாலையின் இடதுபக்கம் போகிறவர்கள். இடதுபக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு நம் தலையில் விழுகிறது. வலதுபக்கம் திரும்பும் வளைவில் வெளிவிளிம்பு கிடைத்துக் கொஞ்சம் மூச்சு விடலாம். இடது வளைவு வருகிறது என்று தெரிந்ததும், அதற்குப் பத்து மீட்டர் முன்பாகவே கியரை இறக்கிவிடுங்கள். நுழைந்தபிறகு, முழு பாரமும் செயினில் இருக்கும்போது கியரை மாற்றினால் செயின் கடகடவென்று தாவும், கழலும், சில நேரம் அறுந்தும் போகும். எதிரே லாரி வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, உள்விளிம்பை ஒட்டாமல் உங்கள் பாதியின் நடுவில் திரும்புவது உத்தமம். வெறும் சாலைதானே என்று எதிர்ப்பக்கம் போய்ப் பாம்புபோல் வளைந்து ஏறுவதை மட்டும் செய்யாதீர்கள். இறங்கி வரும் வண்டிக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள்.

சரிவைப் பழகுவதற்கு நம் ஊர்ப்பக்கத்தில் குறையே இல்லை. கொல்லிமலையில் 70 வளைவு, வால்பாறைக்கு 40 வளைவு, ஏற்காடு, கல்லட்டி என்று வேண்டிய அளவுக்கு இருக்கிறது. உயரத்துக்குத்தான் வழியில்லை. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். லே விமான நிலையம் அதைவிட 600 மீட்டர் மேலே இருக்கிறது.

இனி உயரம்

மேலே போனால் ஆக்சிஜன் குறைவு என்று எல்லோரும் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையிலும் 21 சதவீதம், கர்துங் லாவிலும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். பஞ்சு மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கி இறுகும், மேலே இருப்பது உப்பலாக இருக்கும். காற்றும் அப்படித்தான்: கடற்கரையில் மேலே உள்ள மொத்தக் காற்றின் பாரமும் அழுத்துவதால் அடர்த்தி அதிகம். ஊட்டிக்கு வந்தால் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 76 சதவீதம். லேயில் 65 சதவீதம். கர்துங் லாவில் ஏறக்குறைய பாதி. நெஞ்சு நிறைய இழுக்கும் மூச்சின் அளவு மாறுவதில்லை, ஆனால் அதில் பாதி ஆக்சிஜன்தான் இருக்கிறது.

உடல் இதை ஓரளவுக்கு மறைத்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் ஏறக்குறைய முழுதாக நிரம்பிவிடும் தன்மை கொண்டது. அதனால்தான் ஊட்டியில் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் அந்தச் சலுகை மளமளவென்று குறைகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஊரில் 98 காட்டும். விமானத்தில் லே வந்து இறங்கியவருக்கு 90க்குக் கீழே காட்டுவது அங்கே சாதாரணம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த நிலை என்றால், மிதிக்கும்போது ரத்தம் நுரையீரலை இன்னும் வேகமாகக் கடந்து போவதால் எண் மேலும் இறங்கும்.

இதை நம் 100 வாட் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழு விஷயமும் விளங்கும். 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும், உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் கணக்குப்படி கர்துங் லாவில் மிஞ்சுவது அறுபது சதவீதம் சொச்சம். ஊரில் உங்கள் உச்சபட்சம் 200 வாட் என்றால் 100 வாட் என்பது பாதி, பேசிக்கொண்டே மிதிக்கலாம். கணவாயில் உங்கள் உச்சபட்சமே 125 வாட் ஆகிவிட்டது. அதே 100 வாட் இப்போது உச்சத்தில் எண்பது சதவீதம். ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஊரில் இருந்த அதே நிம்மதியோடு மிதிக்க வேண்டுமானால் 60 வாட்டுக்கு இறங்க வேண்டும்.

60 வாட்டில், ஐந்து சதவீதச் சரிவில், கிடைக்கும் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. தார் இல்லாத கற்சாலை என்றால் இன்னும் குறைவு. அதாவது சமநிலை குலையும் எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 34க்கு 28 கியரில் நிமிடத்துக்கு 31 சுற்று. தணிவான ஐந்து சதவீதச் சரிவு, உயரத்தில் எட்டு ஒன்பது சதவீதத்தின் குணத்தைக் காட்டுகிறது. லடாக்கில் சரிவுகள் பெரும்பாலும் தணிவுதானே என்று கியரை மாற்றாமல் கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு விஷயமும் உண்டு. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 1972ல் ஒரு மணி நேரத்தில் அதிக தூரம் ஓட்டும் சாதனைக்காக மெக்சிகோ நகரத்தைத் தேடிப் போனார். 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். அந்த நகரம் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்திருந்தால் எதிர்க்காற்றும் மெலியும். மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்த லாபம், மூச்சில் ஏற்படும் நஷ்டத்தைவிடப் பெரிது. மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் ஏறும் நமக்கு அந்த லாபம் துளியும் இல்லை, நஷ்டம் மட்டும் முழுசாக வருகிறது.

உடல் பழகிக்கொள்வது எப்படி

உயரத்துக்கு வந்த சில நிமிடங்களிலேயே உடல் வேலையைத் தொடங்கிவிடும். கழுத்து ரத்தக்குழாயில் உள்ள சிறு உணர்கருவிகள் ஆக்சிஜன் குறைவைக் கண்டுபிடித்து, வேகமாக மூச்சு விடச் சொல்லும். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். அது பிடிக்காமல் மூளை மூச்சைக் குறைக்கச் சொல்லும். இந்த இழுபறி முதல் சில இரவுகளில் நன்றாகத் தெரியும்: தூங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு சில நொடி நின்று, பிறகு பெருமூச்சோடு தொடங்கும். பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்துவிடுவார். இது பெரும்பாலும் ஆபத்தில்லாத ஒன்றுதான்.

சிறுநீரகம் அடுத்த சில நாட்களில் உபரிக் காரத்தைச் சிறுநீரோடு வெளியேற்றி இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறது. அதன்பிறகு மூச்சு தடையில்லாமல் ஆழமாகும். சிறுநீர் அடிக்கடி வருவது நல்ல அறிகுறி. சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் சில மணி நேரத்திலேயே சுரக்கத் தொடங்கினாலும், புதிய சிவப்பணுக்கள் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பத்து நாள் விடுமுறையில் போகிறவருக்குக் கிடைப்பது மூச்சும் சிறுநீரகமும் செய்து தரும் பழக்கம்தான். அதற்குக்கூட அவகாசம் கொடுக்காமல் ஏறினால் வருவது மலைநோய்.

தலைவலிதான் முதல் அறிகுறி. கூடவே குமட்டல், பசியின்மை, கிறுகிறுப்பு, அசதி, தூக்கமின்மை. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனபின், ஏறிய சில மணி நேரம் கழித்துத் தொடங்கும். வந்து இறங்கியதும் தெம்பாக இருக்கிறதே என்று மதியமே சைக்கிளை எடுத்துச் சுற்றிவிட்டு, இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

நல்ல உடற்பயிற்சி உள்ளவர்களுக்கு இது வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. 1962 போரையொட்டி நம் ராணுவத்தினர் சமவெளியிலிருந்து நேராக இமயத்தின் உயரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதிய கட்டுரை 1969ல் வெளிவந்தது. இந்தத் துறையில் அது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அவர்கள் இளைஞர்கள், கடும் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சி அவர்களைக் காப்பாற்றவில்லை. இன்னும் சொல்லப்போனால் நல்ல சைக்கிள் ஓட்டிகளுக்கு ஆபத்து கூடுதல் என்றே நான் நினைக்கிறேன். கால் தெம்பாக இருப்பதால் உடல் அனுமதிப்பதைவிட வேகமாக மேலே போய்விட அவர்களால் முடியும்.

சாதாரண மலைநோய் ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அதற்கு மேல் இரண்டு நிலைகள் உயிருக்கே ஆபத்தானவை. ஒன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் விடாது, உதடு நீலம் பாயும், சளியில் ரத்தநிறம் தெரியலாம். மற்றொன்று, மூளை வீங்குவது: பேச்சு குழறும், குழப்பம் வரும், நடை தள்ளாடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, குதிகாலும் முன்விரலும் தொடுமாறு ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்வது. கோட்டைவிட்டுத் தடுமாறினால் அந்த நிமிடமே கீழே இறக்க வேண்டும். இரவானாலும் சரி, ஓட்டலுக்குப் பணம் கட்டியிருந்தாலும் சரி. இவரைத் துணையில்லாமல் அனுப்பக் கூடாது, சைக்கிளிலும் அனுப்பக் கூடாது. வண்டி பிடித்து இறக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கு மேல் வராது. அதை நம்பி மேலேயே இருந்துவிடக் கூடாது.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை, டயமாக்ஸ் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்தது, சிறுநீரகம் செய்யும் வேலையைத் துரிதப்படுத்துகிறது. உதவும். ஆனால் மருத்துவரிடம் கேட்டு, சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லி, அவர் சொன்ன அளவில்தான் எடுக்க வேண்டும். நாட்களுக்குப் பதிலாக மாத்திரை என்று கணக்குப் போடக் கூடாது.

நாட்களை எப்படி ஒதுக்குவது

மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் விதி இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட வேண்டாம், மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் ஒரு நாள் தங்கி ஓய்வெடுக்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தூங்குகிறீர்கள் என்பதே இங்கே அளவுகோல். பகலில் உயரப் போய்விட்டு இரவில் இறங்கித் தூங்குவது பழகிக்கொள்ள நல்ல வழி.

விமானத்தில் லே வருகிறவர் இந்த விதியை முதல் மணி நேரத்திலேயே மீறிவிடுகிறார். டெல்லியில் ஏறி, 3,256 மீட்டரில் உள்ள விமான நிலையத்தில் இறங்கிவிடுகிறார். அதற்குப் பரிகாரம் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. சைக்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுவதைக்கூட நிதானமாகச் செய்யலாம். மூன்றாம் நாள் சிந்து நதியோரம் திக்சே மடாலயம் வரை, பெரிய ஏற்றம் இல்லாமல் ஒரு சுற்று. அதற்கு அடுத்த நாள் கர்துங் லா சாலையிலேயே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஏறித் திரும்பலாம். பிறகு ஒரு நாள், லேயிலிருந்து 24 கிலோமீட்டரில் உள்ள சவுத் புல்லு வரை போய்விட்டு லேயில் வந்து தூங்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் தலைவலி இல்லை, பசி இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றால் கணவாய்க்குக் கிளம்பலாம்.

மணாலியிலிருந்து லேவுக்குச் சைக்கிளிலேயே வருவது இன்னொரு வழி. ஜீப்பில் இரண்டு நாளில் கடக்கும் பாதையைச் சைக்கிளில் எட்டு, பத்து நாள் எடுத்துக் கடக்கிறோம். அந்த மெதுவே நமக்கு மருந்து. இருந்தாலும் ஒரு கண்ணி இருக்கிறது. வழியில் வரும் ஜிஸ்பா கிராமம் சுமார் 3,200 மீட்டர். அடுத்து எல்லோரும் தங்கும் சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். இடையில் 4,800 மீட்டருக்கு மேலான பாரலாச்சா லா கணவாய். ஒரே நாளில் தாண்டினால் தூங்கும் உயரம் ஆயிரம் மீட்டர் கூடிவிடுகிறது. சர்ச்சுக் கூடாரங்களில் இரவெல்லாம் தலைவலியோடு விழித்திருப்பவர்கள் நிறைய இருப்பதற்குக் காரணம் அந்த இடமல்ல, இந்தத் தாவல். ஜிஸ்பாவுக்கும் கணவாய்க்கும் நடுவில் ஒரு இரவைக் கூடுதலாகப் போடுங்கள். சர்ச்சுவைத் தாண்டி வரும் காட்டா லூப்ஸின் 21 வளைவுகளையும், பிறகு 5,328 மீட்டரில் உள்ள தங்லாங் லாவையும் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்குள் உடல் பழகியிருந்தால் அவை வெறும் சரிவுகள்தான்.

இதனால்தான், இலகுவான சைக்கிளுக்குப் பணம் செலவழிக்கட்டுமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். 80 கிலோவில் ஒரு கிலோ குறைத்தால் உழைப்பு ஒன்றேகால் சதவீதம் குறையும். அந்தப் பணத்தில் இரண்டு நாள் கூடுதலாக லேயில் தங்கினால் கிடைக்கும் பலன் அதைவிடப் பல மடங்கு. விடுப்பு எட்டு நாள்தான் கிடைக்கும் என்றால் கர்துங் லாவை விட்டுவிட்டு, சிந்து பள்ளத்தாக்கில் ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம்.

ஏறும் நாள்

விடியற்காலையில் கிளம்புங்கள். மதியத்துக்குமேல் கணவாய்களில் காற்று பலக்கும், மேகம் கூடும். பனி உருகி, அங்கே நாலா என்று சொல்லும் ஓடைகள் சாலையின் குறுக்கே பெருகுவதும் மதியத்துக்குமேல்தான். காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர் மாலையில் முழங்காலைத் தொடும்.

முதல் மணி நேரம், இவ்வளவு மெதுவாகவா போவது என்று சலிப்புத் தட்டும் வேகத்தில் போங்கள். கருவி எதுவும் வேண்டாம், பேச்சே போதும். ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் உடனே குறைக்க வேண்டும். உயரத்தில் ஒரு முறை மூச்சு இறைத்துவிட்டால் அதைத் திரும்பப் பிடிக்க ஊரில் ஆவதைவிட வெகுநேரம் ஆகும். முன்னே போகும் ஒருவரை எட்டிப் பிடிக்க எழுந்து நின்று மிதிக்கும் அந்த ஒரு நிமிடத்துக்குப் பத்து நிமிடம் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

நின்றுவிட்டுத் திரும்பக் கிளம்புவது புதியவர்களுக்குப் பெரும்பாடு. எளிய கியரில் போட்டுவிட்டு, ஒரு பெடலை மேலே முன்பக்கமாக வைத்து, பிரேக்கைப் பிடித்தபடி அதில் காலை ஊன்றுங்கள். பிரேக்கை விடுவதும் அழுத்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ரொம்பச் செங்குத்தாக இருந்தால், வண்டி ஏதும் வராதபோது சாலைக்குக் கொஞ்சம் குறுக்காகச் சைக்கிளைத் திருப்பிக் கிளம்பினால் முதல் இரண்டு மிதி எளிதாகும்.

பசிக்காது, ஆனாலும் சாப்பிட வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், பிஸ்கட், எது இறங்குகிறதோ அது. கொழுப்பை எரிப்பதைவிட மாவுச்சத்தை எரிக்க ஆக்சிஜன் கொஞ்சம் குறைவாகப் போதும் என்பதால் இனிப்பும் மாவுமே இங்கே நல்ல துணை. காற்று வறண்டிருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் நீர் வெளியேறுகிறது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தெரிவதில்லை. தாகத்துக்குக் காத்திருக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உச்சியில் கிடைக்கும் தேநீர் சீக்கிரம் ஆறிவிட்டதே என்று தோன்றும். அங்கே தண்ணீர் 83 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, கொதிக்கும்போதே அதில் சூடு குறைவு. சாதம் வேகாமல் நூடுல்ஸும் சூப்பும் கிடைப்பது அதனால்தான்.

டயரையும் ஒரு முறை பாருங்கள். ஊரில் 50 பிஎஸ்ஐ அடித்த டயர், வெளியழுத்தம் பாதியானதால், கணவாயில் 57 காட்டும். அங்கே கல்லும் புழுதியுமான சாலை என்றால் கொஞ்சம் காற்றை இறக்கினால் பிடிப்பும் கிடைக்கும், கையும் உதறாது. குளிர்க்கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். குளிராக இருந்தாலும் வெயில் சுட்டுவிடும். பனி கிடக்கும் இடத்தில் கீழிருந்தும் அடிக்கும்.

உச்சியில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம். இறங்குவதற்கு முன்பே, உடல் சூடாக இருக்கும்போதே, காற்றுப்புகா ஜாக்கெட்டையும் முழுக் கையுறையையும் போட்டுவிடுங்கள். ஏறும்போது மணிக்கு ஐந்து கிலோமீட்டர், இறங்கும்போது முப்பது. வியர்த்த பனியனில் அந்தக் காற்று பட்டால் பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், பிறகு பிரேக் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட்டு, மறுபடி பிடிப்பதே முறை. நிழல் விழும் வளைவுகளில் உருகிய நீர் உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும். அங்கே திருப்பமும் பிரேக்கும் வேண்டாம், நேராக உருண்டு போங்கள்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை முடிவு செய்து துணைக்கு வருபவரிடம் சொல்லிவிடுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி பதினொரு மணிக்குள் சவுத் புல்லு வரவில்லையென்றால் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு லேவுக்குத் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து கணவாய் இன்னும் 15 கிலோமீட்டர், அதுவும் பாதையில் மிக உயரமான, மிக மெதுவான 15 கிலோமீட்டர். ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கிளம்பினால், அன்றைய ஏற்றமும் உடல் பழகிய கணக்கில் சேர்ந்திருக்கும்.